மாடி மாமியின் மூக்கு

"சந்திரம்மா, வீட்டுக்காரர் வந்துட்டாரு!"

கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஷேக் தாவூது சொன்னதும் சந்திரம்மாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாப்பி ஜாடியை அடுப்புக்குப் பின்னால் தள்ளினாள்.

நாப்பி என்பது பர்மாக்காரர்கள் புளிக்கவைத்து அரைக்கிற மீன். மீன் குழம்பில் அரிசிச் சேவையைப் போட்டுக் கொடுக்கும் மொய்ங்காவுக்கு அதுதான் உயிர். அது சேராவிட்டால் ரங்கூனிலிருந்து வந்தவர்கள் அவள் கடைப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

அவளும் அங்கே எல்லாவற்றையும் பறிகொடுத்துவிட்டுக் கப்பலேறி வந்தவள்தான். பாலக்கரையில் இந்த ஒற்றை அறைக் கடையும் போனால், பிள்ளைகளோடு அகதி முகாமுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

மாடியில் குடியிருந்த ரங்கநாயகி மாமி ஸ்ரீரங்கத்துக்காரி. கீழே குழம்பு கொதித்தால் போதும், மாடிப்படியில் நின்று ஆரம்பித்துவிடுவாள்.

"பெருமாளே! குடலைப் பிடுங்கறதே! கேக்க ஒரு நாதியில்லையா?"

இன்று கேட்க நாதி வந்துவிட்டது. வீட்டுச் சொந்தக்காரர் கிளமென்ட் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே உள்ளே நுழைந்தார்.

"நாத்தமடிக்கிற எதையும் சமைக்கக் கூடாதுன்னு சொல்லித்தானே இடம் விட்டேன்? தெருவே பேசுது!"

"வெறும் மீன் குழம்புதாங்கய்யா..."

"மீன் குழம்பு எங்க வீட்லயும்தான் வைக்கிறோம். இது வேற ஏதோ. நாத்தம் இங்கேருந்துதான்னு தெரிஞ்சா நாளைக்கே காலி பண்ணிடணும்."

அவர் மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அம்மா, கொஞ்சம் இறங்கி வாங்க! தினம் சத்தம் போடுறது நீங்கதானே? இந்த நாத்தம் எங்கேருந்து வருதுன்னு உங்க வாயாலயே சொல்லுங்க."

சந்திரம்மாள் அடுப்பை மறைத்துக்கொண்டு நின்றாள். வேறு யார் காலில் விழுந்தாலும் விழலாம், மாமியிடம் எந்த முகத்தோடு கெஞ்சுவது? தாவூது சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துவிட்டார்.

மாமி இறங்கி வந்தாள். சந்திரம்மாளை ஏற இறங்கப் பார்த்தாள். விறுவிறுவென்று மேலே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு பீங்கான் ஜாடி இருந்தது.

"நாத்தம்தானே கேட்டேள்? இது மாகாளிக்கிழங்கு. மோர்ல ஊறப் போட்டிருக்கேன். மோந்து பாருங்கோ."

கிளமென்ட் கைக்குட்டையை விலக்கி மூக்கை நீட்டினார். மூட்டைப்பூச்சியை நசுக்கினாற்போல் ஒரு நெடி. தலை கிறுகிறுத்துப் பின்னால் நகர்ந்தார்.

"ஐயோ! இதையா சாப்பிடுறீங்க?"

"தயிர் சாதத்துக்கு இது இல்லேன்னா எங்காத்துல யாரும் இலை முன்னால உக்கார மாட்டா. என்னையும் காலி பண்ணச் சொல்றேளா?"

"மொதல்ல அதை மூடுங்கம்மா!" என்றபடி கிளமென்ட் தெருவில் இறங்கி நடையைக் கட்டினார்.

சந்திரம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மாமி... தினமும் என்னைத் திட்டுவீங்க. இன்னைக்கு எனக்காக..."

"நாளைக்கும் திட்டுவேன். அந்த நாத்தம் எனக்கு ஆகவே ஆகாது" என்றாள் மாமி, ஜாடியை மூடிக்கொண்டே. "ஆனா மூக்கைப் பொத்திக்க எனக்குக் கை இருக்குடி. அதுக்காக உன் அடுப்பையா அணைக்கச் சொல்லுவேன்?"