உயிரோடு இருப்பவர் பெயர்

"இன்னிக்கு மட்டும் வரமாட்டேன்னு சொன்னீங்க, இந்த நாற்காலியோட தூக்கிட்டுப் போயிடுவேன்!"

சலூனுக்குள் நுழைந்த வேகத்திலேயே சத்தம் போட்டாள், சர்ச்சில் பாடும் வெர்னிஸ். முகமெல்லாம் சோப்பு நுரையோடு சாய்ந்திருந்த ஆம்ப்ரோஸ் டில்மனால் எழுந்து ஓட முடியவில்லை. எண்பத்தெட்டு வயது. டெக்சாஸின் அந்தச் சின்ன ஊருக்கு முதல் கறுப்பின மேயர் அவர்தான். பதவியை விட்டு எவ்வளவோ காலமாகியும் ஊர் அவரை மேயரய்யா என்றுதான் கூப்பிடுகிறது.

"முட்டி வலிம்மா. வெயில் வேற கொளுத்துது."

"ஜூன் பத்தொன்பதுல வெயில் கொளுத்தாம பனியா கொட்டும்? அடிமையாக் கிடந்த நம்ம முப்பாட்டனுங்களுக்கு விடுதலைன்னு சேதி வந்ததே இந்த வெயில்லதான். போன வாரம் இதே முட்டியோட மீன் பிடிக்கப் போனீங்களே!"

சர்ச் இருக்கும் தெருவுக்கு அவர் பெயரை வைக்க வேண்டுமென்று வெர்னிஸ் நாயாய் அலைந்திருக்கிறாள். உயிரோடு இருப்பவர் பெயரைத் தெருவுக்கு வைக்கக் கூடாது என்று ஊரில் பழைய சட்டம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு தடவையும் அதைக் காட்டியே விரட்டினார்கள்.

"சரி, நீங்க போன பிறகு வச்சுக்கலாம்னு நாங்களும் பொறுமையா இருந்து பார்த்தோம். நீங்க போற வழியக் காணோம்," என்றான் சலூன்காரன் ரூஃபஸ்.

"கையில கத்திய வச்சுக்கிட்டு இப்படிப் பேசாதடா."

ஒருவழியாகப் போன வாரம் சட்டத்தை ரத்து செய்துவிட்டார்கள். இப்போதைய மேயர் ஹோல்ப்ரூக் வெள்ளைக்காரர், சின்ன வயது. விடுதலை நாள் மேடையில் அந்தச் சட்டத்துக்காக ஊர் சார்பாக நானே மன்னிப்புக் கேட்கிறேன் என்று கிளம்பிவிட்டார். டில்மன் நேரில் வந்து அதை ஏற்றுக்கொண்டால்தான் தெருவின் புதுப் பெயர்ப் பலகையைத் திறப்பாராம். டிவிக்காரர்கள் வேறு வருகிறார்கள்.

"எனக்கு எதுக்கும்மா மன்னிப்பு? அந்தச் சட்டம் வந்து..."

"அதப் பத்திப் பேசாதீங்க! எனக்கு ரத்தம் கொதிக்குது. நம்ம ஆளு பேரு எங்கயும் வந்துடக் கூடாதுன்னே எழுதி வச்சிருக்கானுங்க, பாவிப் பசங்க."

"இல்லம்மா, அத எழுதினது..."

"எவன் எழுதினா என்ன? அவன் எண்ணெய்ச் சட்டியில வேகட்டும்!"

டில்மன் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மன்னிக்க மனசு வரல, அதானே?" வெர்னிஸின் குரல் இறங்கியது. "எனக்காக வாங்க மேயரய்யா. அந்தத் தெருவுக்கு இன்னிக்கும் ஹார்கிரோவ் தெருன்னுதான் பேரு. எங்க கொள்ளுத்தாத்தாவ விலைக்கு வாங்கி வச்சிருந்தவன் பேரு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பாடிட்டு வெளிய வந்தா அந்தப் பலகைதான் கண்ணுல படுது. பாடின பாட்டெல்லாம் கசந்து போகுது."

அவள் கண்கள் கலங்கியிருந்தன. அவர் அதைக் கண்ணாடியில் பார்த்தார்.

"சீக்கிரம் மழிடா ரூஃபஸ்," என்றார்.

தெருமுனையில் ஊரே கூடியிருந்தது. இறைச்சி சுடும் புகை கண்ணைக் கரித்தது. ஆளுக்கொரு சிவப்புச் சோடாவோடு மரநிழலுக்கு முண்டியடித்தார்கள். ஹோல்ப்ரூக் மைக்கைப் பிடித்தார்.

"அந்தச் சட்டத்தை எழுதின கை வெறுப்புல எழுதின கை! இந்தப் பெரியவருக்குச் சேர வேண்டிய மரியாதையை இத்தனை வருஷமா தடுத்து வச்ச கை! அந்தக் கை யாரோடதா இருந்தாலும் சரி, அதுக்காக நான் வெட்கப்படுறேன்!"

"ஆமென்!" என்றது கூட்டம். வெர்னிஸ் தேம்பியே விட்டாள். ஹோல்ப்ரூக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டிவி கேமரா இருந்த பக்கமாகத் திரும்பி, டில்மனிடம் மைக்கை நீட்டினார்.

"மன்னிச்சுட்டீங்களா ஐயா?"

"மன்னிச்சுட்டேன், மன்னிச்சுட்டேன். முதல்ல பலகையத் திறங்க."

துணி விழுந்தது. பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தில் 'ஆம்ப்ரோஸ் டில்மன் தெரு'. பாண்டு வாத்தியம் முழங்கியது. முன்வரிசைப் பெண்கள் தொப்பியைக் கழற்றி வீசினார்கள். வெர்னிஸ் ஓடிப்போய்ப் பலகையின் கம்பத்தைக் கட்டிக்கொண்டாள்.

டில்மன் பலகையை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். இனி எவனாலும் அதைக் கழற்ற முடியாது என்று உறுதியான பிறகுதான் மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"மேயர் சொன்னதுல ஒரே ஒரு சின்னத் திருத்தம். நான் பதவிக்கு வந்தப்போ கவுன்சில்ல இருந்த வெள்ளைக்காரத் துரைங்க அத்தனை பேரும் நம்ம தெருவுக்கெல்லாம் அவங்கவங்க பேரை வச்சுக்கத் துடிச்சாங்க. அவங்களைத் தடுக்க எனக்கு வேற வழி தெரியல. உயிரோட இருக்கிறவன் பேரை வைக்கவே கூடாதுன்னு அந்தச் சட்டத்தை எழுதினது நான்தான்."