எட்டே காலுக்கு முன்

முதலில் கால்சட்டை, பிறகுதான் ஸ்கேட்.

தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் என் மகள் ஃப்ரேயாவின் இரண்டு ஸ்கேட்டையும் இறுக்கிக் கட்டி முடித்த பிறகுதான், அவளுடைய ஹாக்கிக் கால்சட்டை பையிலேயே கிடப்பதைப் பார்த்தேன்.

மணி எட்டு. எட்டே காலுக்குக் கோச் ஐஸ் ஹாக்கித் தளத்தின் கதவைச் சாத்திவிடுவார்.

உடை மாற்றும் அறையின் வாசலில் சிக்ரூன் நின்றிருந்தாள். என் மனைவி ரூனாவின் அக்கா. அக்டோபரில் ரூனா இறந்தாள். என் இரட்டைப் பெண்களைப் பிராண்டனில் உள்ள தன் வீட்டுக்கு அழைத்துப்போக நேற்று வந்திருந்தாள் சிக்ரூன்.

அவளிடம் ஒரே ஒரு காலைப்பொழுது கேட்டேன். யார் உதவியும் இல்லாமல் இருவரையும் நேரத்துக்கு ஐஸில் இறக்கிவிட்டால், பிள்ளைகள் என்னோடு. இல்லையென்றால் அவளோடு. ஒப்புக்கொண்டாள்.

இதையெல்லாம் செய்தவள் ரூனா. நான் காப்பிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

"கைகொள்ளாத வேலதான் உனக்கு, கெல்வின்," என்றான் எதிர் பெஞ்சில் தன் பையனைத் தயார்செய்துகொண்டிருந்த டக். "ஒருத்திய இங்க அனுப்பு."

அக்டோபரிலிருந்து எங்கள் ஊர் கிம்லி முழுக்க இதையேதான் சொல்கிறது. கடையில், வங்கியில், சர்ச் வாசலில். தலையாட்டிவிட்டுப் போவேன்.

"வேணாம் டக். நீ மொதல்ல உன் பையனுக்கு முழங்கை காப்ப முழங்கைல மாட்டு."

அறை சிரித்தது. சிக்ரூன் சிரிக்கவில்லை.

நாடாக்களை அவிழ்த்தேன். கால்சட்டையை ஏற்றினேன். மறுபடி கட்டினேன். விரல்கள் எரிந்தன.

இருவருக்கும் எல்லாம் மாட்டி முடித்ததும் இன்னொருத்தி, பிரின், ஒன்றுக்குப் போக வேண்டும் என்றாள்.

எல்லாவற்றையும் கழற்றினேன்.

எட்டு பதின்மூன்றுக்கு எண் போட்ட சட்டைகள் தலைவழியே இறங்கின. ஹெல்மெட். கையுறை. இரண்டு மட்டைகள். ஆளுக்கொரு கையில் இருவரையும் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அவர்கள் ஐஸைத் தொட்டார்கள். கதவு சாத்தப்பட்டது.

சத்தமாகச் சிரித்துவிட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

கண்ணாடித் தடுப்பின் அருகே சிக்ரூன் வந்து நின்றாள். கம்பி முகமூடிக்குள் எல்லாக் குழந்தையும் ஒன்றுதான். வெகுநேரம் பார்த்தாள்.

"ஏழு பிரின்னோட நம்பர்," என்றாள் மெதுவாக. "ஆனா அங்க விழுந்து விழுந்து எந்திரிக்கிறது ஃப்ரேயா."

பார்த்தேன். அவள்தான். சட்டைகள் மாறிவிட்டன.



சிக்ரூன் கண்ணாடியைத் தட்டினாள். ஏழாம் எண் திரும்பியது.

"அப்படித்தான் பிரின்," என்று அரங்கம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

பிறகு என் தோளில் ஒரு குத்து விட்டுவிட்டு, தனியாகத் தன் காருக்கு நடந்தாள்.