முழு ஊசி

முதல் அடியிலேயே சிஸ்டர் மரகதத்தின் உதடு கிழிந்து ரத்தம் வந்துவிட்டது.

“பக்கத்து பெட் பையனுக்கு ஊசி நிறைய மருந்து. என் பையனுக்கு மட்டும் பாதியா? ஆட்டோக்காரன் புள்ளைன்னா எளக்காரமா?” என்று கத்தினான் நாகேஷ்.

“அவன் இருபது கிலோண்ணா. உங்க பையன் பத்து கிலோதான். எடைக்குத் தகுந்த மாதிரிதான் போடணும்.”

“சும்னே கதை வுடாத! ரெண்டு பேருக்கும் அதே காய்ச்சல்தானே?”

குளுக்கோஸ் ஸ்டாண்டைத் தூக்கி ஜன்னலில் வீசினான். கண்ணாடிச் சில்லுகள் லிங்கராஜபுரம் மெயின் ரோடு வரை தெறித்தன. அடுத்த நொடி மரகதத்தின் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினான். அவளுக்குக் கண் இருட்டியது.

எதிர் பெட்டில் கைக்குழந்தையோடு இருந்த பிரகாஷ்தான் ஓடிவந்து அவனைப் பிடித்து இழுத்தார். “விடுங்கண்ணா, சிஸ்டர் பாவம்!”

“ஊசி நிறைய போடச் சொல்லு, விடறேன்!”

மரகதம் தள்ளாடியபடி மருந்தறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது ஊசி விளிம்பு வரை நிறைந்திருந்தது. அதை மெதுவாகக் குழந்தைக்கு ஏற்றினாள்.

நாகேஷ் மீசையைத் தடவிக்கொண்டு வார்டைப் பார்த்தான். “பாத்தீங்களா? கேட்டா தரமாட்டாங்க. ரெண்டு போட்டாத்தான் தருவாங்க.”

மருந்தறைக்குத் திரும்பிய மரகதத்திடம் இன்னொரு நர்ஸ் சிந்து ஓடிவந்தாள். “அக்கா, பத்து கிலோ குழந்தைக்கு முழு ஊசியா? தாங்குமா?”

“மருந்து அதே பாதிதான்டி. மீதி வெறும் சலைன் தண்ணி.” கிழிந்த உதட்டில் பஞ்சை ஒற்றிக்கொண்டு மரகதம் சிரித்தாள்.

சிரித்து முடிப்பதற்குள் கதவு உதைபட்டுத் திறந்தது.

பிரகாஷ் நின்றிருந்தார். கையில் குளுக்கோஸ் ஸ்டாண்ட்.

“எங்க பாப்பாவுக்கு மட்டும் எதுக்குடி கால் ஊசி?”