மூன்று நாள் தண்ணீர்

"எந்தம்பி கல்யாணத்துக்கு ஒரு நாள் லீவு கிடையாதுன்னீய. மாடி ஒழுகுதுன்ன ஒடனே மூணு நாளா?"

"ஏட்டி, ஒன் தம்பி கல்யாணமா ஒழுகுது? மாடில்லா ஒழுகுது!"

1988-இல் பால்துரைக்கும் அவர் மனைவி இன்பத்துக்கும் நடந்த பேச்சு இது. ராஜபாளையத்தில் மில் மேஸ்திரியான பால்துரை, இருபது வருட சர்வீஸில் போட்ட முதல் லீவு அது. அதற்கப்புறம் இன்பம் லீவைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

மாடிதான் விடவில்லை. ஒவ்வொரு ஐப்பசியிலும் முதல் மழைக்கே ஹாலில் சொட்டியது. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து கொத்தனார் வேல்சாமி சைக்கிளில் வருவார். முதல் வருடம் கடுக்காய்த் தண்ணீர் விட்டு இடித்த சுண்ணாம்பு, மறு வருடம் தார், போன வருடம் மெட்ராஸிலிருந்து டின்னில் வந்த பவுடர்.

பூசி முடித்ததும் சோதனை. மழைநீர்க் குழாயைச் சாக்கால் அடைத்து, மாடியில் நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, மூன்று நாள் நிறுத்துவார்கள். கீழே ஹாலில் பால்துரை பாய் விரித்து மல்லாந்துவிடுவார். கசிகிற இடத்தில் வட்டம் போட, பக்கத்தில் ஸ்டூலும் சாக்பீஸும்.

"செத்த நேரம் கண்ண எடுத்தாலும் தப்பிரும். நீயும் படு. அந்தப் பாதிய நீ பாரு."

இன்பம் தன் பாதியைப் பார்ப்பாள். மேனேஜரிடம் பேச முடியாததையெல்லாம் பால்துரை கூரையைப் பார்த்துப் பேசுவார். மூன்று நாளும் வீட்டில் கறிக்குழம்பு. ஒரு சொட்டும் விழாது. நாலாம் நாள் டிபன் கேரியரோடு மில்லுக்குப் போகிறவர்தான், மறுபடி வீடு தங்குவது அடுத்த ஐப்பசியில்.

இந்த வருடமும் சொட்டியது. பால்துரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடியில் நின்றார்.

"ஏலே வேல்சாமி, மூணு வருசமா எனக்கு டேக்கா குடுக்கியோ? மில்லுல எம்புட்டுப் பேரு வீடு கட்டுதான்! இனி ஒருத்தன் வீட்டுலயும் நீ கரண்டி பிடிக்க முடியாது. நாளைக்கே எல்லார்ட்டயும் சொல்லுதேன்."

வேல்சாமிக்கு முகம் வெளுத்துவிட்டது. "அண்ணாச்சி, எம்பொழப்பே ஒங்க மில்லு ஆளுகள நம்பித்தான். இங்க செத்த குனிஞ்சு பாருங்க. விரிசல்னா கோணல்மாணலாத்தான் ஓடும். இது அளந்து வச்சாப்புல வட்டமா இருக்கு. வருசா வருசம் இப்படித்தான் இருக்கு."

"அப்ப மலையிலேருந்து மரங்கொத்தி எறங்கி வந்து, எவன் வீட்டயும் தொடாம, என் வீட்டக் கொத்திட்டுப் போச்சோ? இதுக்கு ஒரு லெட்டர் எழுதிப் பவுடர் கம்பெனிக்கே அனுப்புதேன். நீ கெளம்பு!"

வேல்சாமி கரண்டியையும் ரசமட்டத்தையும் பைக்குள் போட்டார். காப்பியோடு படியேறி வந்த இன்பம் அந்தப் பையையே பார்த்தாள். டம்ளரைக் கைப்பிடிச் சுவரில் வைத்தாள்.

"கொத்தனாரு மேல ஒரு தப்பும் இல்லங்க" என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்:

"அடுத்த வருசமாவது, நான் ஓட்டை போடாமலே அந்த மூணு நாள் லீவப் போடுவீயளா?"