இருட்டில் விழிக்கும் இலை

வெளியே விடிந்துவிட்டது. என் அக்காவின் ஆய்வறையில் மட்டும் மூன்று நாளாக ஒரே இருட்டு. செடி கண்டுகொள்ளாத மங்கலான பச்சை விளக்கு ஒன்று மூலையில் எரிகிறது. மேசைமேல் தொட்டியில் தொட்டாற்சுருங்கி இலைகளை மூடித் தூங்குகிறது. வெளிச்சமே படாமல், விடிந்தது தெரிந்து அது தானாக விழித்துக்கொள்ளுமா என்பதுதான் அக்காவின் ஆராய்ச்சி. போன முறை அவளுடைய கைப்பேசியே மினுங்கிக் காரியத்தைக் கெடுத்தது. இன்றும் கெட்டால் அறையை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். இரவு முழுவதும் செடியைப் படமெடுக்கும் கேமராவுக்குக் காவல் இருந்த எனக்கோ ஜலதோஷம். மூக்கு குறுகுறுக்கிறது. “தும்மித் தொலைக்காதடா. காத்து பட்டாலே சுருங்கிடும்” என்கிறாள் பக்கத்தில் நிற்கும் அக்கா. “நானா அத வரச் சொன்னேன்?” “படிப்பையே பாதியில நிறுத்தினவன்தானே நீ, ஒரு தும்மல நிறுத்த முடியாதா?” மூக்கை இறுக்கிப் பிடிக்கிறேன். கண்ணில் நீர் முட்டுகிறது. கேமரா விட்டுவிட்டுச் சொடுக்கும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. செடியின் அடியில் ஒரு காம்பு மெல்ல நிமிர்கிறது. ஒட்டிக்கிடந்த சிற்றிலைகள் ஜோடி ஜோடியாகப் பிரிகின்றன. அதற்கு அவசரமே இல்லை. கடைசி ஜோடியும் விரிந்தபின் கேமரா இன்னொரு முறை சொடுக்குகிறது. “பதிவாயிடுச்சுடா, படம் பதிவாயிடுச்சு!” பூரிப்பில் அக்கா நாய்க்குட்டியைத் தடவுவதுபோல் இலையைத் தடவுகிறாள். அது பட்டென்று மூடிக்கொள்கிறது. “ஐயையோ!” என்று விரலை உதறுகிறாள். பிறகு, படம்தான் எடுத்தாயிற்றே என்று நினைவு வந்து அவளே சிரிக்கிறாள். நான் மூக்கை விடுவித்து, அறை அதிரத் தும்முகிறேன்.