எழுந்து நின்ற சபை

கிறிஸ்துமஸ் விடுமுறைக் கச்சேரி. மிருதங்கத்தோடு சேர்ந்து வாசிக்க ஜாஸ் கோஷ்டியிலிருந்து ஒரு சாக்ஸபோன் வந்திருந்தது.

மிருதங்கம் தனியாக வாசிக்க ஆரம்பித்ததுமே பாதி சபை எழுந்தது. வழக்கம்போல் கேன்டீனுக்குத்தான். மிருதங்கம் கூசிப்போனது.

சாக்ஸபோன் வாயைப் பிளந்தது. "அண்ணே, எங்க ஊர்ல பிரமாதமா வாசிச்சு முடிச்சாத்தான் எழுந்து நிப்பாங்க. உங்களுக்கு ஆரம்பிக்கும்போதேவா!"

மிருதங்கம் வாசலை ஒரு கணம் பார்த்தது. வடை வாசனை வந்தது.

"நம்ம ஜனங்க அப்படித்தான், தம்பி" என்று நிமிர்ந்துகொண்டது. அன்றைக்கு வாசித்ததுபோல் அது என்றைக்குமே வாசித்ததில்லை.

அடுத்து சாக்ஸபோன் தனியாக ஊதியது. ஒருவர்கூட இடத்தை விட்டு அசையவில்லை. அதன் முகம் வாடிவிட்டது.

"மனசை விட்டுடாதே. முதல் நாள்தானே?" என்றது மிருதங்கம், பெரிய மனதோடு. "போகப்போக உனக்கும் எழுந்திருப்பாங்க."