தனிப் பானை

"வைடி கீழே!"

கினுவே நிமிர்வதற்குள் மாமியாரின் கைத்தடி கிண்ணத்தில் விழுந்தது. ஆவி பறக்கிற சோறு பாய் முழுக்கச் சிதறியது.

மகளைப் பார்க்க டவுனுக்குப் போன தோமே இப்படித் திடுதிப்பென்று திரும்புவாள் என்று யார் கண்டது?

ஜப்பானின் ஜின்சு ஆற்றங்கரையில் அன்றைக்கு எல்லா வீட்டிலும் புத்தரிசிச் சோறு.

"ஒரே ஒரு கிண்ணம் அத்தை! நட்டது நான், அறுத்தது நான். இருபது வருஷத்துல இன்னைக்குத்தான் வாயில வைக்கப் போனேன்!"

"உனக்குத்தான் உங்கம்மா வீட்டு மலை அரிசி வருதே."

மகன் போரில் செத்த வருஷமே தோமே தனிப் பானை வைத்துவிட்டாள். மலைக்காரிக்கு மலை அரிசி போதுமாம். ஆற்றுப் பாய்ச்சலில் விளைந்த வெள்ளை அரிசியில் முதல் மூட்டை, டவுனில் வாழ்க்கைப்பட்ட மகள் மித்சுவுக்கு. அவள் படுக்கையில் விழுந்த பிறகு மாதா மாதம் போனது, கஞ்சிக்கு.

"பொண்ணுக்கு மூட்டை மூட்டையா அனுப்புங்க. நாய்க்கு வச்சதைக்கூட இப்படித் தட்டிவிட மாட்டாங்க அத்தை!"

தோமே இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கினாள். பொறுக்கியதை அடுப்புச் சாம்பலில் கொட்டினாள்.

கினுவேக்குத் திக்கென்றது. ஒரு பருக்கை சிந்தினாலே ஊரைக் கூட்டுகிறவள்!

"மித்சு எப்படி இருக்கா அத்தை?"

"நேத்து இருமினா. விலா எலும்பு ரெண்டு முறிஞ்சுபோச்சு."

"இருமினதுக்கா?"

"சிறுநீரகம் கெட்டுப்போச்சாம். உடம்புல தங்க வேண்டிய சத்தெல்லாம் ஒண்ணுக்குல போகுதாம். எலும்பு உளுத்துப் போச்சு. இனிமே தேறாதுன்னுட்டார் டாக்டர்."

"எதனால அத்தை?"

"மேல சுரங்கம் இருக்கில்ல, அந்தக் கழிவு ஆத்துல வந்து நம்ம வயல்ல இறங்கியிருக்கு. காட்மியம்னு ஒரு விஷமாம். எல்லாம் அரிசிலதான் இருக்காம்."

கினுவே வெறும் கிண்ணத்தைப் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கியது.

"என் நல்லதுக்குத்தான் தட்டிவிட்டீங்களா அத்தை? நான் என்னென்னமோ பேசிட்டேன்..."

"இன்னைக்குத் தட்டினது மட்டுந்தான்டி உன் நல்லதுக்கு." தோமே சாம்பலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இருபது வருஷம் உனக்குக் குடுக்காதது என் கெட்ட மனசு. அதுல நீ பிழைச்சுக்கிட்டே. அவளுக்குத்தான் பாசமா ஊட்டிட்டேன்."